நினைவு சான்றாகுமா?

ஒரு கருவியின் புனிதம் அது செய்யப்பட்ட பொருளில் உள்ளதா, அதில் எழும் நாதத்தில் உள்ளதா என்னும் வினாவுக்கு, 1990களில் திருப்பூர் வட்டாரத்தில் சிறுவராக இருந்தோரின் இசை நினைவும் ஒரு விடை வைத்திருக்கிறது. அவர்களுள் பலருக்குக் கத்ரி கோபால்நாத்தின் (1949–2019) சாக்ஸபோன், 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வழியாகவே அறிமுகமாயிற்று. பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கி 1846இல் காப்புரிமை பெற்ற பித்தளைக் கருவி அது என்பதையோ, கேட்டது கல்யாணவசந்த ராகம் என்பதையோ அறியாமலே அவர்கள் அதில் உருகினர். அயன்மை பின்னாளில் படித்தறிந்த செய்தி, அன்பு அதற்கு முந்தியது.

நியாய தரிசனத்தார் இந்நினைவைச் சான்றாக ஏற்கத் தயங்குவர். முன் அனுபவம் மனத்தில் விட்டுச்சென்ற பதிவாகிய சம்ஸ்காரத்திலிருந்து மட்டுமே பிறக்கும் ஸ்மிருதி, முன் அனுபவத்தையே சார்ந்து நிற்பதால், பிரமாணம் எனப்படும் அறிவுச் சான்றின் பயன் ஆகாது என்பது அவர்கள் கொள்கை. இளமை நினைவு இனிமையைக் கூட்டிக் காட்டும் இயல்பினது என்பதால் இத்தடை வலிமை உடையதே. ஆயினும் முன்பு அறிந்ததை நேரில் கண்டு ‘அதுவே இது’ எனத் தெளியும் பிரத்யபிக்ஞையில், சம்ஸ்காரத்தோடு புலனும் சேர்ந்து தொழிற்படுவதால், அதனை அவர்களே காட்சியறிவின்பாற் படுத்துகின்றனர். கருவியின் வரலாறு முழுவதையும் அறிந்தபின் நடுவயதில் அவ்விசையை மீண்டும் கேட்பவர் பழைய உருக்கத்தையே அதில் காண்பாராயின், அயன்மை பற்றிய அறிவு அந்த நாதத்தில் எதையும் குறைக்கவில்லை என்பது வெறும் நினைவால் அன்றிக் காட்சியாலேயே பெறப்படும். (வெளிநாட்டில் செய்த நிட்டிங் இயந்திரத்துக்கும் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடும் பனியன் கம்பெனிகளின் ஊரில் இந்த ஐயம் எழுவதே சற்று வியப்புக்குரியது.)

இதனால் பொருள் ஒரு பொருட்டன்று என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியின் உளிகள் தொடரும் சிற்ப மரபு, கல்லைத் தட்டி அதன் ஒலியால் ஆண் கல், பெண் கல், அலிக் கல் என வகுத்து, நல்லொலி எழுப்பாத கல்லைத் திருமேனிக்கு விலக்குகிறது. தெய்வத்தன்மை குடமுழுக்கில் வருவதாயினும், அதனை ஏற்கும் தகுதி கல்லிடம் முன்பே இருந்தாக வேண்டும். சாக்ஸபோனிலோ அத்தகுதி உழைப்பால் வந்தது. நாகஸ்வரக் கலைஞரின் மகனான கோபால்நாத், சுரங்களை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கும் கமகத்துக்கு அதன் விசைகள் இடங்கொடாமையால், கருவியில் சில மாற்றங்களைச் செய்து, மூச்சையும் உதட்டையும் பல ஆண்டுகள் பழக்கியே கர்நாடக இசையை அதில் வசப்படுத்தினார்.

கோயில் வழிபாட்டில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உள்ள இடம் இவ்வாதத்தால் மாறுவதில்லை. அது முறையையும் உரிமையையும் சார்ந்ததே அன்றி, மரத்துக்கும் பித்தளைக்கும் உள்ள தூய்மை வேறுபாட்டைச் சார்ந்ததன்று. கச்சேரி மேடையிலோ, பாலுசுவாமி தீட்சிதர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்கொண்ட வயலினை அயல் கருவி என்று இன்று எந்தச் சபாவும் தனித்துக் குறிப்பதில்லை.