இருட்டிலே ஒளிரும் மேகம்



முதற் பூசைக்கு வருகிற வாலிபர் சிலர் கோவில் வாசலில் நின்று, கீழ்வானத்துப் பிறைச் சந்திரனையும் விடிவெள்ளியையும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். மணி அடித்த பிறகும் வெளியே நிற்பதைத்தான் வேண்டாமென்கிறேன்.

அவர்களில் ஒருவன் வடதேசத்தில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினான். ராத்திரி வானத்திலே வெள்ளிச் சரிகை ஓடிய பட்டைப் போல மேகம் மின்னுகிறது. "சாமி, இது நம்ம தெள்ளாரிலே தெரியுமா?" என்றான். தெரியாது. துருவத்தை அடுத்த தேசங்களில், கோடைகாலத்தில், சுமார் 80 கிலோமீட்டர் உயரத்திலே நுண்ணிய பனித்துகள்களால் உண்டாகும் மேகம் அது. தரையிலிருப்பவர்களுக்குச் சூரியன் அஸ்தமித்தாலும், அவ்வளவு உயரத்துக்கு அதன் கிரணம் எட்டுகிறது. கீழே இருட்டு, மேலே வெளிச்சம்.

அதற்கு ஒப்பான ஒரு மேகத்தை நம் தென்னாட்டார் கண்டதுண்டு. 1963 நவம்பர் 21-ந் தேதி அந்திநேரத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவிய ராக்கெட் சோடியம் ஆவியை ஆகாயத்தில் விட்டது. இருண்டுவரும் வானிலே செம்மஞ்சள் மேகம் ஒளிர்ந்தது. அதைப் பல இடங்களிலிருந்து படம் பிடித்து, அது நகர்ந்த விதத்தைக் கொண்டு மேலாகாயத்துக் காற்றைக் கணக்கிடுவதே நோக்கம்.

அந்த ராக்கெட்டைப் பூட்டிய இடம் எது தெரியுமா? அர்ச். மரிய மதலேனம்மாள் கோவில்! அர்ச். சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்த கடற்கரை அது. பூமியின் காந்த மத்தியரேகை அவ்வழியே போவதால், விக்ரம் சாராபாய் அந்த இடத்தைக் கேட்டு வந்தார். மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்ட் பெரைரா உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, பூசை வேளையில் சனங்களையே கேட்டார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். செம்படவர்கள், பிரியமானவர்களே! தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலையும், குடியிருந்த வீடுகளையும் விட்டுக் கொடுத்தார்கள். வேறிடத்தில் புதுக்கோவில் எழுந்தது. பழைய கோவில் இன்று விண்வெளிக் காட்சிசாலையாய் நிற்கிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு நம் பங்கின் நினைவுதான் வருகிறது. வீட்டோரத்து நாலடி மண்ணுக்காக, ஒரே தெருவிலே பாவு போடுகிற இரண்டு குடும்பத்தார் வருஷக்கணக்காய் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பாஸ்கு காலத்திலும் நன்மை வாங்க வரவில்லை. பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும். நாலடி மண்!

மதலேனம்மாள் இன்னும் இருட்டாயிருக்கையிலே கல்லறைக்குப் போனாளென்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். சேசுநாதர் அதற்கு முன்பே உயிர்த்திருந்தார். அவளோ அதை அறியாமல் அழுதுகொண்டு நின்றாள். கீழே இருட்டு, மேலே வெளிச்சம் என்றேனே, அதுதான்.

வருகிற ஞாயிறு முதற் பூசைக்கு அரைமணி முன்பே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். அந்த இரு குடும்பத்தாரும் வரலாம். யார் முதலில் வந்தாரென்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.