முத்தவல்லியின் கூலி

"பள்ளிவாசல் காசில் ஒரு பைசாகூடத் தொட்டதில்லை" என்று பெருமையோடு சொல்லும் முத்தவல்லிகள் நம் ஊர்களில் உண்டு. கூலி வாங்காமல் ஊழியம் செய்வது சிறந்த அமல்தான். ஆனால் கூலி வாங்குவதே இழுக்கு என்று ஷரீஅத் சொல்லவில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் யோசனைப்படி வக்ஃபு செய்தார்கள். அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். பொருள் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அநாதைகளின் சொத்தைக் காப்பவர் குறித்து அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் காட்டும் வழியும் இதுவே: வசதியுள்ளவர் விலகிக்கொள்ள வேண்டும், ஏழைக்கு நியாயமான அளவு ஆகுமானது.

நியாயமான அளவு எது? வக்ஃபு செய்தவர் குறித்திருந்தால் அதுவே அளவு. இல்லையேல், அத்தகைய வேலைக்கு வழக்கத்திலுள்ள கூலியை காஜி நிர்ணயிக்கலாம் என்பது ஹனஃபி ஃபுகஹாக்களின் முடிவு. நீதிமன்றம் நிர்ணயித்தால் வருமானத்தில் 10ல் 1 பங்குக்கு மேற்படக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டநூல்கள் கூறுகின்றன. சென்னை மாகாணத்து மடம் ஒன்றின் வழக்கில் 1921ல் பிரிவி கவுன்ஸில் அளித்த தீர்ப்பும், முத்தவல்லி சொத்துக்கு உரியவர் அல்லர், நிர்வாகியே என்று விளக்கியது.

ஆரணி மக்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பட்டையும் ஜரிகையையும் நெசவாளர் கையில் எடைபோட்டு ஒப்படைக்கிறார்கள். பேசிய கூலி அவருடையது. மிஞ்சிய ஜரிகை அவருடையதன்று. "கூலியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜரிகையை வைத்துக்கொண்டால் அவரைத் தியாகி என்போமா?

பள்ளிவாசல் கடையை மச்சானுக்குப் பழைய வாடகைக்கே விட்டுவைத்து, கணக்குக் கேட்டால், "சும்மா உழைக்கிற என்னிடமா கணக்கு?" என்று சினப்பதும் அப்படித்தான். அது கூலியில்லாத ஊழியம் அன்று; கணக்கில் வராத கூலி!

ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவான பின்னும் துணியைச் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். அந்தப் பரிசுத்தருக்கே வெளிப்படையான கூலி குறையாகவில்லையே!

ஜமாஅத்தாருக்கும் இதில் பொறுப்புண்டு. கூலியே இல்லையென்றால், நேர்மையும் திறமையும் உள்ள ஏழை அந்தப் பொறுப்புக்கு வரவே முடியாது. பதவி செல்வர் வீட்டுச் சொத்தாகிவிடும். ஆகவே கூலியை மஹல்லா கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள். வேண்டாம் என்பவர் மறுக்கட்டும். அந்த மறுப்பையும் எழுதுங்கள். பிறகு இருவரிடமும் ஒரேவிதமாகக் கணக்குக் கேளுங்கள்.

அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.