கொள்ளைநோயும் கூடும் மன்றும்



முன்னொரு காலத்தில் வைசாலி நகரைப் பஞ்சமும் கொள்ளைநோயும் ஒருங்கே பற்றின. இது இரதன சூத்திரத்தின் உரை கூறும் வரலாறு. மக்கள் அரசனிடம் சென்று, இத்துயர் ஆட்சியின் அதர்மத்தால் விளைந்ததோ என வினவினர். அரசன் சினந்தானில்லை. யாவரையும் மன்றத்தில் கூட்டித் தன்பால் குற்றம் உளதோ என ஆராயுமாறு வேண்டினான். ஆராய்ந்து குற்றம் காணாத பின்னரே பகவான் புத்தரை அழைத்துவர முடிவு செய்தனர்.

நோய் வந்தபோது அங்கே மன்று மூடப்படவில்லை; திறக்கப்பட்டது. வஜ்ஜியர் அடிக்கடி ஒன்றுகூடும் வரை தாழ்வுறார் என்று பகவான் மொழிந்ததும் இக்கருத்தேயன்றோ?

நம் நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். பம்பாயில் பிளேக் பரவியபோது, வாக்குரிமையற்ற மக்கள்மீது அந்நிய ஆட்சி 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு பெங்களூரையும் பிளேக் தாக்கிற்று. அதே சட்டம் 2020-ல் கொரோனாவின்போது குடியரசின் கையிலும் ஆயுதமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் பாராளுமன்றம் கேள்வி நேரமின்றிக் கூடியது, குளிர்காலத்தில் கூடவேயில்லை. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. நோய் தணிந்த பின்னரும் வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு எனக் காரணங்கள் தொடர்ந்தன. 2025 முடியும் வரை தேர்தல் நடைபெறவில்லை.

கேள்விக்கு வலிமை உண்டோ எனில், உண்டு. 2020 மே மாதம் கட்டட முதலாளிகளுடன் கலந்த பின், ஊர் திரும்ப விழைந்த வெளிமாநிலத் தொழிலாளர்க்கான தனி ரயில்களைக் கர்நாடக அரசு நிறுத்தியது. அவர்களைக் கேட்டவர் எவருமிலர். நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களில் ரயில்கள் மீண்டும் விடப்பட்டன.

கூடினால் நோய் பரவாதோ என்பர் சிலர். தென்கொரியா 2020 ஏப்ரல் 15-ல் முகக்கவசமும் கையுறையும் அணிவித்து, இடைவெளிவிட்டு வரிசை அமைத்துப் பொதுத்தேர்தல் நடத்தியது. நூற்றுக்கு 66 பேர் வாக்களித்தனர். உடல் விலகி நிற்கலாம். குரல் விலகி நிற்க வேண்டுவதில்லை.

நெருக்கடியில் முதலில் ஒடுங்குவது எளியவன் குரலே. அதனை நாம் பரம்பரையாய் அறிவோம். ஆகலின் மருந்தைக் கேட்பது போலவே மன்றத்தையும் கேட்போம். வெறுப்பின்றிக் கேட்போம், விடாதும் கேட்போம். நம் சங்கத்திலும் கணக்கும் காரியமும் எவரும் வினவுமாறு திறந்திருக்கட்டும். தன்னைப் பிறர் ஆராய இடந்தருபவனே தம்மத்தின் வழி ஆள்பவன்.

சர்வ மங்களம் உண்டாகுக.