சாதனமும் காலமும்

ஒரு காரியத்திற்குரிய சாதனத்தை, அக்காரியம் பக்குவப்படுமுன்பே சம்பாதித்து வைப்பது சிரத்தையின் அடையாளமா, ஆசையின் அவசரமா என்னும் கேள்வி, அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஆகாய விமானம் கட்டும் கிருகஸ்தர்களிடம் மிகக் கூர்மையான ரூபத்தில் வந்து நிற்கிறது. இறக்கைகள் வெறுந் தகடுகளாகக் கிடக்கும்போதே எஞ்சினை வாங்கி மூலையில் நிறுத்தி, அதன் தரிசனத்தால் உற்சாகம் பெறுபவர் உண்டு. ஆனால் அவர்களிற் பலர் விரும்பும் லைகமிங் எஞ்சினிலோ, வால்வுகளை இயக்கும் காம்ஷாஃப்ட் மேற்பாகத்தில் அமைந்திருப்பதால், தக்க பாதுகாப்பின்றி ஓடாமல் கிடக்கும் மாதங்களில் எண்ணெய் வடிந்து, ஈரம் படிந்து, துரு மறைவாக அரிக்கத் தொடங்குகிறது. காத்திருந்தால் விலை ஏறிவிடுமே என்பார்கள், அதுவும் நியாயந்தான்.

ஆயினும் எஞ்சினைப் பின்னரே தேடியவர்கள் வென்றதற்குச் சரித்திரம் உண்டு. 1900 முதல் 1902 வரை எஞ்சினில்லாக் கிளைடர்களில் சமநிலையைப் பயின்ற ரைட் சகோதரர்கள், அதன் பின்னரே எஞ்சினைத் தேடி, உற்பத்தியாளர்களிடம் தக்கது கிடைக்காமையால், தம் பட்டறையிலிருந்த சார்லி டெய்லரைக் கொண்டு சுமார் 12 குதிரைசக்தியுள்ள ஒன்றைச் செய்வித்து, 1903 டிசம்பர் 17-இல் பறந்தார்கள். 52 குதிரைசக்தியுள்ள அற்புத எஞ்சினைப் பெற்று, அதே காலத்தில் பறக்க முயன்ற லாங்லி என்பவரின் விமானமோ, அதற்கு ஒன்பது நாள் முன்பு பொடோமாக் ஆற்றில் வீழ்ந்தது.

அதற்காக, பலனில் பற்று வையாதே என்னும் கீதையின் உபதேசத்திற்கு, முன்யோசனையே கூடாது என்று அர்த்தம் செய்வது, என் அபிப்பிராயத்தில், சோம்பேறிகளின் வியாக்கியானம். முன்யோசனை வேறு, பலனை இப்போதே கையில் பிடித்துப் பார்க்கத் துடிக்கும் சபலம் வேறு. எஞ்சின் வந்தாலன்றி மூடியைப் பொருத்தவோ குழாய்களை வளைக்கவோ இயலாது என்று வேலையே தடைப்பட்டு நிற்கும் நாளில், கடன்பட்டேனும் அதை வாங்குபவனைப் பேராசைக்காரன் என்று நான் சொல்லமாட்டேன்.