நல்லெண்ணம் மட்டும் போதுமா?

‘நல்லதுக்குத்தானே செய்தேன்’ என்று சொல்லி மனச்சாட்சியின் வாயை அடைத்துவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். நல்லெண்ணத்தோடு செய்த காரியம் நன்மையாகவே முடியுமென்று நம்பிவிடுகிறோம். அது சரிதானா? புற்றுநோயைத் தடுக்கும் மருந்துகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களைக் கேட்டால், ‘சரியல்ல’ என்பார்கள்.

காய்கறிகளையும் கனிகளையும் மிகுதியாய்ப் புசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாய் வருவதை வைத்தியர்கள் கண்டார்கள். அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தே காரணமாகலாம் என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 18,314 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. புகை பிடிப்போர், அதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் உழைத்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தச் சத்தும் வைட்டமின் ஏ-யும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இதை நடத்துகிறவரின் வேலை என்ன? சேருகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். மாத்திரைகளை எண்ண வேண்டும். வராதவரைத் தேடி விசாரிக்க வேண்டும். வந்த நோய் ஒவ்வொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். வருஷக்கணக்காய் நீளும் இவ்வேலைக்குப் புகழ் ஏதுமில்லை.

1994-ல் பின்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே 29,133 புகைபிடிப்போரிடம் நடந்த பரிசோதனையில், பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாய் வந்திருந்தது! சியாட்டிலின் கணக்கும் அதையே சொன்னது: மருந்து பெற்றவர்களிடம் அந்நோய் 28 சதவீதம் அதிகம், மரணம் 17 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே, மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. உண்மை பகிரங்கமாய்ச் சொல்லப்பட்டது. அதன் பின்பும் பல வருஷங்கள் அவர்களுடைய சுகநலம் விசாரிக்கப்பட்டது. காய்கறியில் குற்றமில்லை, அதிலுள்ள ஒரு சத்தை மட்டும் பிரித்து மிகுதியாய்க் கொடுத்ததே புகைபிடிப்போருக்குக் கேடாயிற்று.

‘வெறும் மாத்திரை கொடுப்பது ஏமாற்று வேலை அல்லவா?’ என்று நீர் கேட்கலாம். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெற்றுக் கொடுப்பது ஏமாற்று அன்று. யோசித்துப் பாரும்: இங்கே வெறும் மாத்திரை பெற்றவர்களே தப்பினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் தீங்கு தெரிந்தே இருக்காது. ‘நல்ல மருந்து’ என்று உலகமெங்கும் கொடுத்திருப்போம்.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது வேறு, சுகமாய் நடந்து வருகிறவருக்குக் கொடுப்பது வேறு. பின்னவருக்கு நம்மால் தீங்கு நேருமானால் பொறுப்பு மிகவும் பாரமானது. ஆகையால் இவ்வேலையில் இருப்பவர் தம் நம்பிக்கையைவிட உண்மையை அதிகமாய் நேசிக்க வேண்டும். பல வருஷ உழைப்பு பொய்யாய்ப் போகிறதே என்று கணக்கைத் திருத்தினால், அவர் செய்வது சேவை அன்று, கொலைக்குச் சமானம்.

வாசகரே, நம் வீட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு நாம் செய்யும் கண்டிப்பும், அயலாருக்குச் சொல்லும் புத்திமதியும் நல்லெண்ணத்தில்தான் பிறக்கின்றன. பலன் என்னவாயிற்று என்று நாம் திரும்பிப் பார்க்கிறோமா? கேடாயிற்று என்று கண்டால், ‘நான் எண்ணியது தவறு’ என்று சொல்லி நிறுத்துகிறோமா? அன்புக்குக் கண்ணும் வேண்டும். விவேகமே அந்தக் கண்.