அடுப்படியில் ஒரு ஜெபம்

அமைதி வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் வேறோர் இடத்தைத் தேடிப் போகிறது. ஆளில்லாத ஆலயம், மலையடிவாரத்துத் தியான இல்லம், பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் அரை மணி நேரம். வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் ஆண்டவரிடம் போகலாம் என்று அது சொல்கிறது. வேலையோ முடிவதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கிறது. நாள் போகிறது, வாரம் போகிறது. ஜெபிக்கவில்லையே என்ற உறுத்தல் மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

இந்த உறுத்தலோடு நடமாடும் நம்மைப் போன்றவர்களுக்கு, பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பெரிய துணை. சகோதரர் லாரன்ஸ் என்று உலகம் அவரை அறியும். பிறந்தது 1614இல், லொரேன் பகுதியில். இயற்பெயர் நிக்கொலா எர்மன். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் சில நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தினூடே கடவுளின் பராமரிப்பு அவருக்குத் தெளிவாயிற்று. கடைசிவரை அந்தத் தெளிவு மங்கவில்லை.

முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் காயம்பட்டார். நொண்டி நடக்கும் நிலை வந்தது. பிறகு ஒரு செல்வரிடம் ஏவலாள். கை பட்டதையெல்லாம் உடைத்துவிடுகிற ஆள் என்று பின்னாளில் தம்மைப் பற்றி அவரே சொன்னார். 1640இல் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைச் சுமார் பதினைந்து ஆண்டுகள் செய்தார்.

சாப்பாட்டு நேரம் நெருங்கும் ஓர் அடுப்படியை நாம் அறிவோம். புகை, சூடு, பாத்திரங்களின் ஓசை. ஒருவர் இதைக் கேட்க, இன்னொருவர் அதைக் கேட்க, அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிறது. அந்தச் சந்தடிக்குள்ளும், நற்கருணைக்கு முன் முழங்காலில் இருக்கும்போது உள்ள அதே அமைதியோடு கடவுளுடன் இருக்க முடிகிறது என்றார் லாரன்ஸ். சட்டியில் வேகும் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் அவருக்குக் கடவுள்மேல் உள்ள அன்பினால் செய்யும் காரியம். தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதும் அப்படியே. அவருடைய சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசாவும், சமையலறைப் பாத்திரங்களின் நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் சகோதரிகளுக்கு எழுதியவர்தான். தெரேசா எழுதியதை லாரன்ஸ் கரண்டி பிடித்த கையோடு வாழ்ந்தார்.

அவர் செய்தது மிகவும் எளிது. வேலையைத் தொடங்கும் முன் கடவுளிடம் உதவி கேட்பார். வேலையினூடே அவரோடு பேசிக்கொண்டிருப்பார். முடிந்ததும் திரும்பிப் பார்ப்பார். நன்றாக நடந்திருந்தால் நன்றி, தவறியிருந்தால் மன்னிப்பு. அவ்வளவுதான், அதன்பின் அந்தத் தவறைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வருந்திக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். நாம் தவறுக்காக ஒருமுறை வருந்துகிறோம், வருந்தியது போதவில்லையே என்று மறுபடி வருந்துகிறோம், அந்த வருத்தத்திலேயே கடவுளை மறந்துவிடுகிறோம். மனம் அலைவதை லாரன்ஸ் குற்றமாக எண்ணித் தம்மைத் திட்டிக்கொள்ளவில்லை. அலைந்த மனத்தை அடிக்காமல், அதட்டாமல், மேயப் போன மாட்டை மாலையில் ஓட்டி வருவதுபோல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தார். திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் கிருபை அங்கே இருந்தது. நாளுக்கு நூறு முறை மனம் விலகினால், நூறு முறையும் திரும்பி வர வாசல் திறந்திருக்கிறது.

இந்த அமைதி அவருக்கு எளிதில் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். தாம் கைவிடப்பட்டவர் என்று நம்பி வாடிய காலமும் உண்டு. ஒரு கட்டத்தில், இந்தக் கலக்கம் சாகும்வரை இருந்தாலும் இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபின் ஆழ்ந்த அமைதி அவருக்குள் வந்து குடியேறியது. ஒரு மாதம் ஜெபித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகும் நமக்கு அந்தப் பத்து ஆண்டுகள் எவ்வளவு ஆறுதல்!

மடத்துக்குத் திராட்சரசம் வாங்க அவரைப் பர்கண்டி பகுதிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாது. காலோ ஊனம், படகுக்குள் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் ஓரிடம்விட்டு ஓரிடம் போக முடிந்தது. இது உம்முடைய வேலை ஆண்டவரே என்று சொல்லிவிட்டுப் போனார். காரியம் நன்றாகவே முடிந்தது. வயதானபின் சமையற்கட்டை விட்டு, மடத்தாரின் செருப்புகளைத் தைத்தார். அங்கும் அதே பேச்சு, அதே துணை.

1691 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் ஜோசப் த போஃபோர் என்ற குரு தொகுத்து வெளியிட்டதால் இன்று அவை நம் கைக்கும் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒரு கடிதம் ஓர் இளம் போர்வீரரைப் பற்றியது. தாமும் ஒரு காலத்தில் போர்க்களத்தில் நின்ற லாரன்ஸ் அந்தப் பையனுக்கு நீண்ட ஜெபங்கள் எதையும் விதிக்கவில்லை. அணிவகுத்து நடக்கும்போதும், வாள் கையில் இருக்கும்போதும், நெஞ்சைக் கடவுள் பக்கம் சற்றே உயர்த்தினால் போதும். எவ்வளவு சிறிதாயினும் அவர் அதை ஏற்றுக்கொள்வார் என்று எழுதினார். அது வீரனின் துணிச்சலைக் குறைக்காது, கூட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.