பழுது எதனுடைய குணம்?

விபத்தில் மண்டையோட்டின் ஒரு பகுதியை இழந்தவருக்கு, ஸி.டி. ஸ்கேன் படத்திலிருந்து அளவெடுத்து டைட்டானியத் தகடு செய்கிறார்கள். உலகில் அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் பொருள் அது. வடிவம் சரியா என்று பார்க்க மூலப்படம் இருக்கிறது. மேற்பரப்பு சரியா என்று பார்க்க ஜோடி கிடையாது. இக்கேள்வியை இன்று காமிராவிடமும் கம்ப்யூட்டரிடமும் விடுகிறார்கள். மனிதர்கள் நல்லது, கெட்டது என்று பிரித்துவைத்த வேறு பொருள்களின் படங்களிலிருந்து கற்ற யந்திரம், இதுவரை இருந்திராத ஒன்றின் மீது தீர்ப்புச் சொல்கிறது. விமர்சகனும் படித்த கவிதைகளைக் கொண்டுதான் புதிய கவிதையை அளக்கிறான். அவன் தவறினால் கவிதை காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது.

பழுது என்பது பரப்பின் குணமே அல்ல என்பதில்தான் சிக்கல். செயற்கை இடுப்பு மூட்டின் உலோகப் பந்தில் சராசரிச் சொரசொரப்பு 0.05 மைக்ரானைத் தாண்டக் கூடாது; தாண்டினால் எதிரிலுள்ள கிண்ணத்தை அரித்துவிடும். பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் டைட்டானியத் திருகிலோ 1, 2 மைக்ரான் சொரசொரப்பு இருந்தால்தான் எலும்பு நன்றாகப் பற்றும். ஒன்றின் பழுது மற்றதன் தகுதி. 2000-இல் அமெரிக்காவில் ஸுல்ஸர் ஆர்த்தோபீடிக்ஸ் நிறுவனம் இடுப்புக் கிண்ணங்களைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பில் தங்கிவிட்ட எண்ணெய்ப் படிவால் பலருக்கு எலும்பு பற்றாமல் கிண்ணம் தளர்ந்தது. தொழிற்சாலையில் தேறி வந்தவைதான் அவை. கடைசிப் பரிசோதகன் எலும்பு.

யந்திரத்துக்கு எதிராக நான் பேசவில்லை. மாலை நாலு மணிக்கு என் கண்ணைவிட அது நேர்மையானது. காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்துடன் ஒப்பிடுவது வங்கியில் என் வேலைகளில் ஒன்று. ஒரே ஆள் இரண்டு முறை ஒரே மாதிரி போடுவதில்லை; அச்சாக ஒத்துப்போனால்தான் சந்தேகம். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்று தீர்மானித்து, பக்கத்தில் என் இனிஷியலைப் போடுகிறேன். யந்திரத்திலும் அந்த எல்லையை யாரோ ஒருவர் முன்கூட்டியே குறித்துவைக்கிறார். இறுக்கினால் நல்லதும் கழிபடும், நஷ்டம் தொழிற்சாலைக்கு. தளர்த்தினால் பழுதும் நுழையும், நஷ்டம் உடம்புக்கு. கணக்கின் தோற்றத்தில் இருந்தாலும் இது ஒரு அறத் தேர்வு. ஆயிரத்தில் ஒன்று தவறலாம் என்பது தொழிற்சாலைக்கு அர்த்தமுள்ள வாக்கியம். தகட்டைத் தலையில் சுமப்பவருக்கு ஆயிரம் என்று ஒன்றில்லை.

யந்திரத்துக்குப் பார்க்கத் தெரியுமா என்ற கேள்வியை எஞ்ஜினீயர்கள் தீர்த்துக்கொள்வார்கள். எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. எல்லையைக் குறித்தவர் தன் இனிஷியலை எங்கே போட்டிருக்கிறார்? தகடு யாருக்கு என்று தெரிந்தபின்னும் அவர் அதே எல்லையைத்தான் குறிப்பாரா?